கணினியைப் பழைய நல்ல நிலைக்குத் திருப்புதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி திடீரென்று முரண்டு பிடிக்கும்போது உதவி கேட்பவர்களிடமிருந்து எனக்கு வரும் ஐயங்களில் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியவற்றிலிருந்து சிக்கலானவை வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். விடைகள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மேக், லினக்ஸ் பற்றிய கேள்வி ஒன்று இறுதிப் பகுதியில் இருக்கிறது. கணினி இப்போது நன்றாக இயங்கிக்கொண்டிருந்தால், நான்காவது, ஐந்தாவது கேள்விகளை மட்டுமாவது இன்றே படித்துவிடுங்கள்.

சிஸ்டம் ரீஸ்டோர் என்கிறார்களே, அது உண்மையில் என்ன செய்கிறது?

கணினி ஒழுங்காக இயங்கும் ஒரு நேரத்தில், அமைப்புக் கோப்புகள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்பு விவரங்கள் சேமிக்கப்படும் தரவுத்தளம்), டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்), நிறுவப்பட்ட நிரல்கள் ஆகியவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதை விண்டோஸ் பதிந்து வைக்கிறது. அந்தப் பதிவுக்கு ரீஸ்டோர் பாயின்ட், அதாவது மீட்புப் புள்ளி என்று பெயர். பின்னொரு நாளில் ஒரு டிரைவரோ அப்டேட்டோ புதிய நிரலோ கணினியைக் கெடுத்துவிட்டால், அந்தப் புள்ளியில் இருந்த நிலைக்குத் திரும்பலாம். இந்த வசதி 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் மில்லேனியம் பதிப்பில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டு எக்ஸ்பி பதிப்பின் வழியாகப் பரவலானது.

எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டா பதிப்பின் காலத்திலிருந்து இது ஷேடோ காப்பி என்னும் முறையில் இயங்குகிறது. புள்ளி உருவாகும் நேரத்தில் வட்டு முழுவதும் நகலெடுக்கப்படுவதில்லை. அதன் பிறகு வட்டின் ஓர் இடத்தில் புதிதாக எதையாவது எழுத நேரும்போது, அங்கே ஏற்கெனவே இருந்ததை 16 கிலோபைட் துண்டாக எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் விண்டோஸ் புதியதை எழுத விடுகிறது. பழைய நிலை தேவைப்படும்போது, மாறாத பகுதிகளை வட்டிலிருந்தும் மாறிய பகுதிகளை ஒதுக்கி வைத்த துண்டுகளிலிருந்தும் சேர்த்து எடுக்கிறது. புள்ளி விரைவாக உருவாகிவிடுவதற்கும், அது அதே வட்டிலேயே வாழ்வதற்கும் இதுதான் காரணம். வட்டு செத்தால் புள்ளியும் அதோடு போய்விடும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் பல விடைகள் இதைச் சார்ந்தவை.

ரீஸ்டோர் செய்தால் என் படங்களும் கட்டுரைகளும் அழிந்துவிடுமா?

அழியாது. நீங்கள் எழுதிய ஆவணங்கள், படங்கள், பாடல்கள், காணொளிகள் ஆகியவற்றைச் சிஸ்டம் ரீஸ்டோர் தொடுவதில்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய புள்ளிக்குத் திரும்பினாலும் நேற்று மாலை எழுதிய கட்டுரை நேற்று எழுதியபடியே இருக்கும்.

ஒரு விதிவிலக்கை அறிந்திருக்க வேண்டும். நிரல்களாக இயங்கக்கூடிய கோப்புகளையும் ஸ்கிரிப்டுகளையும் விண்டோஸ் அமைப்பின் பகுதியாகவே பார்க்கிறது. ஆகவே புள்ளி உருவான பின் நீங்கள் பதிவிறக்கி டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் ஒரு நிறுவல் கோப்போ, கட்டளைகளை வரிசையாகத் தொகுத்துச் சொந்தமாக எழுதிய பேட்ச் (.bat) கோப்போ ரீஸ்டோருக்குப் பிறகு காணாமல் போகலாம். நிரல் எழுதிப் பழகுகிற மாணவர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். அத்தகைய கோப்புகளை ரீஸ்டோர் தொடங்கும் முன் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால், தவறுதலாக அழித்துவிட்ட கோப்பை இதை வைத்துத் திரும்ப எடுக்கலாமா?

எடுக்க முடியாது. முந்தைய விடையில் சொன்ன அதே தன்மை இங்கே எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது: உங்கள் கோப்புகளை அழிக்காத ஒன்று, அவற்றை மீட்டுத் தரவும் செய்யாது. முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால், அந்தக் கோப்பு இருந்த ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கு சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்' என்னும் தாவலைத் திறந்து பாருங்கள். கோப்புகளின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் ஃபைல் ஹிஸ்டரி வசதியை முன்பே இயக்கியிருந்தால் அங்கே பழைய நகல்கள் தெரியும். ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பில் வைத்திருந்தால் அதற்கென்று தனிக் குப்பைத்தொட்டி உண்டு, அதையும் தேடுங்கள்.

மீட்புப் புள்ளிகள் தானாகவே உருவாகிக்கொண்டுதானே இருக்கும்?

இந்த நம்பிக்கைதான் அதிகம் பேரைக் கைவிட்டிருக்கிறது. விண்டோஸ் 10, 11 இயங்கும் பல கணினிகளில் சிஸ்டம் புரொடக்‌ஷன் என்னும் அடிப்படை வசதியே அணைக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. அது அணைந்திருந்தால் ஒரு புள்ளிகூட உருவாகாது. அணைந்திருக்கிறது என்ற எச்சரிக்கையும் எங்கும் வராது. கணினி கெட்ட பிறகு ரீஸ்டோரைத் திறந்து, வெறுமையான பட்டியலைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். அந்த நிமிடத்தில் எதிரில் அமர்ந்திருப்பவரின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தத் தொகுப்பை எழுதத் தூண்டியதும் அதுதான்.

வசதி இயக்கத்தில் இருந்தால், பொதுவாக விண்டோஸ் அப்டேட் நிறுவப்படும் முன்பும், சில டிரைவர்களும் நிரல்களும் நிறுவப்படும் முன்பும் புள்ளி உருவாகும். எல்லா நிரல்களும் புள்ளி கேட்பதில்லை. கேட்டாலும், முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் விண்டோஸ் இயல்பாக இன்னொன்றை உருவாக்குவதில்லை. எனவே பெரிய மாற்றம் எதையாவது செய்யும் முன் கையால் ஒரு புள்ளியை உருவாக்கிவிடுவதே சரியான பழக்கம்.

எங்கே போய்ப் பார்ப்பது? எப்படி இயக்குவது?

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, ஆங்கிலத்தில் 'ரீஸ்டோர் பாயின்ட்' என்று தட்டச்சு செய்யுங்கள். 'கிரியேட் அ ரீஸ்டோர் பாயின்ட்' என்ற வரி தோன்றும். அதைச் சொடுக்கினால் ஒரு சிறிய பெட்டி திறக்கும். அதன் நடுவில் உங்கள் வட்டுப் பகுதிகளின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆன்' அல்லது 'ஆஃப்' என்ற சொல்லும் இருக்கும். விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள சி டிரைவுக்கு எதிரே 'ஆஃப்' என்று இருந்தால், அந்த வரியைத் தேர்ந்தெடுத்து 'கான்ஃபிகர்' பொத்தானை அழுத்தி, 'டர்ன் ஆன் சிஸ்டம் புரொடக்‌ஷன்' என்பதைத் தேர்வு செய்து ஓகே கொடுங்கள்.

பிறகு அதே பெட்டியின் கீழ்ப்பகுதியில் உள்ள 'கிரியேட்' பொத்தானை அழுத்தி முதல் புள்ளியை உருவாக்குங்கள். அது ஒரு பெயர் கேட்கும். 'டெஸ்ட்', 'ஒன்று' என்றெல்லாம் வைக்காமல், 'புதிய பிரிண்டர் டிரைவருக்கு முன்' என்பதுபோல் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையே பெயராக வையுங்கள். தேதியையும் நேரத்தையும் விண்டோஸே சேர்த்துக்கொள்ளும். காரணத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் பதற்றத்தோடு பட்டியலைப் பார்க்கும்போது அந்தப் பெயர்தான் வழிகாட்டும்.

எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்? வட்டில் ஏற்கெனவே இடமில்லை.

'கான்ஃபிகர்' பெட்டியிலேயே ஒரு நழுவுகோல் இருக்கிறது. வட்டின் கொள்ளளவில் 5 விழுக்காடு பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் கருத்து. 500 ஜிபி வட்டில் அது 25 ஜிபி. இது மேல்வரம்பு மட்டுமே, உடனே பிடித்துக்கொள்ளப்படும் இடம் அன்று. வட்டு மிகச் சிறியது என்றால் ஐந்தாறு ஜிபி கொடுத்தாலும் ஓரிரு புள்ளிகள் தங்கும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக வசதியையே அணைத்துவிடாதீர்கள்: அணைத்த உடனேயே அந்த வட்டில் இருந்த எல்லாப் புள்ளிகளும் அழிந்துவிடும்; மறுபடி இயக்கினாலும் அவை திரும்ப வாரா.

ஒரு புள்ளி எத்தனை நாள் இருக்கும்?

ஒதுக்கிய இடம் நிரம்பும்போது பழையதிலிருந்து ஒவ்வொன்றாக நீங்கும். இதைத் தவிர கால வரம்பும் உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் மாதப் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு ஒரு புள்ளி அதிகபட்சமாக 60 நாட்கள் வைக்கப்படுகிறது. விண்டோஸ் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும்போதும் முந்தைய புள்ளிகள் போய்விடும். அத்தகைய மாற்றம் முடிந்ததும், சிஸ்டம் புரொடக்‌ஷன் இன்னும் 'ஆன்' நிலையில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பட்டியலில் நான்கைந்து தேதிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

கோளாறு தொடங்கியதற்குச் சற்று முந்தைய புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மிகப் பழையதைப் பிடிப்பவர்கள் உண்டு. அது தேவையற்ற இழப்பு, ஏனென்றால் அந்தத் தேதிக்குப் பின் நிறுவிய நல்ல நிரல்களும் பாதுகாப்பு அப்டேட்டுகளும் சேர்ந்து போய்விடும். பட்டியலின் கீழே 'ஷோ மோர் ரீஸ்டோர் பாயின்ட்ஸ்' என்றொரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால் மறைந்திருக்கும் புள்ளிகளும் தெரியும்.

ஒரு புள்ளியைத் தேர்ந்ததும் 'ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் புரோகிராம்ஸ்' பொத்தானைக் கட்டாயம் அழுத்துங்கள். அது இரண்டு பட்டியல்களைக் காட்டும். மேலே இருப்பவை ரீஸ்டோரால் நீக்கப்படப் போகும் நிரல்களும் டிரைவர்களும். கீழே இருப்பவை, புள்ளி உருவான பின் நீங்கள் நீக்கியிருந்து, இப்போது திரும்பி வரக்கூடியவை. சில நாட்களுக்கு முன் தானாக வந்து சேர்ந்த ஒலி டிரைவர் ஒன்று மேல் பட்டியலில் தென்பட்டு, உங்கள் கோளாறும் ஒலியைச் சார்ந்ததாக இருந்தால், சரியான புள்ளியைப் பிடித்துவிட்டீர்கள் என்று ஓரளவு உறுதியாக நம்பலாம். கீழ்ப் பட்டியலில் உள்ளவை அரைகுறையாகத் திரும்புவதும் உண்டு. அவற்றை மறுபடி முறையாக நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

ஒரு மணி நேரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அணைத்துவிடட்டுமா?

அணைக்காதீர்கள். பொதுவாகக் கால் மணியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ரெஜிஸ்ட்ரியை மீட்கும் கட்டத்தில் திரை நெடுநேரம் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். அந்தக் கட்டத்தில் மின்சாரத்தைத் துண்டித்தால் பாதி பழையதும் பாதி புதியதுமான ஓர் அமைப்பு மிஞ்சி, விண்டோஸ் திறக்காமலே போகலாம். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். வட்டு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். நான்கைந்து மணி நேரம் ஆகியும் விளக்கில் எந்த அசைவும் இல்லாதபோதுதான், வேறு வழியின்றி, அணைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விண்டோஸே திறக்கவில்லையே, பிறகு ரீஸ்டோரை எங்கிருந்து தொடங்குவது?

விண்டோஸுக்கு வெளியே, மீட்புச் சூழல் என்று ஒன்று தனியாக இருக்கிறது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை தொடக்கம் தோற்றால் அது தானாகவே வரும். வரவில்லையென்றால், விண்டோஸ் சின்னம் தோன்றிய உடனே பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அந்தச் சூழல் திறக்கும். இப்படி அணைப்பது நல்ல பழக்கமன்று, ஆனால் இந்த நிலையில் வேறு கதவு இல்லை. உள்நுழைவுத் திரை வரை வருகிறது என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுப்பதே போதும்.

நீலநிறத் திரையில் 'ட்ரபிள்ஷூட்', அதன் பின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அங்கே 'சிஸ்டம் ரீஸ்டோர்' என்று செல்லுங்கள். நிர்வாகி உரிமை உள்ள ஒரு கணக்கைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைக் கொடுக்கச் சொல்லலாம். அதற்குப் பின் முன்பு சொன்ன அதே பட்டியல்தான் வரும்.

அந்த நீலத் திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. எனக்கு அப்படி எதுவும் கொடுக்கப்படவில்லை.

உங்கள் வட்டு பிட்லாக்கர் என்னும் மறையாக்கத்தால் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு கணினியை முதன்முதலில் அமைக்கும்போது, பல புதிய கணினிகளில் இது தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. உரிமையாளர் அதை உணர்வதே இல்லை. கைப்பேசியிலோ வேறு கணினியிலோ அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்களின் பட்டியலில் உங்கள் கணினியின் கீழ் மீட்புச் சாவியை, அதாவது அந்த 48 இலக்க எண்ணைத் தேடுங்கள். திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகள் கணக்கில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பின் எண்ணை உள்ளிடுங்கள். அலுவலகக் கணினி என்றால் சாவி அங்குள்ள கணினிப் பிரிவிடம் இருக்கும்.

சாவி எங்குமே கிடைக்கவில்லையென்றால் அந்த வட்டிலுள்ள தரவைத் திறக்க வேறு வழி இல்லை. திறந்து தருகிறோம் என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். கணினி நன்றாக இருக்கும் நாளிலேயே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ரீஸ்டோர் முடிந்த பிறகு, 'வெற்றிகரமாக முடியவில்லை' என்று சொல்கிறது. என்ன செய்வது?

அந்தச் செய்தியிலேயே, எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்றும் எழுதியிருக்கும். எனவே முதலில் நிம்மதியடையுங்கள். கணினி முன்பிருந்த நிலையில்தான் இருக்கிறது. மிகப் பொதுவான காரணம், வைரஸ் தடுப்பு நிரல் ஏதாவது ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டு மாற்ற விடாமல் தடுப்பது. பிழை எண் 80070005 என்று முடிந்தால் முதல் ஐயம் இதன் மேல்தான். அந்த நிரலைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

அதிலும் தோற்றால், இன்றியமையாதவற்றை மட்டும் கொண்டு விண்டோஸ் இயங்கும் சேஃப் மோடில் சென்று முயலுங்கள், அல்லது மேலே சொன்ன மீட்புச் சூழலிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸ் இயங்காமல் இருக்கும்போது அதன் கோப்புகளை எதுவும் பிடித்து வைத்திருக்காது என்பதால், உள்ளே தோற்ற ரீஸ்டோர் வெளியே இருந்து வெல்வதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அதுவும் நடக்கவில்லையென்றால் அந்தப் புள்ளியே சிதைந்திருக்கலாம். அடுத்த பழைய புள்ளியை எடுங்கள். எல்லாப் புள்ளிகளும் தோற்றால் வட்டில் பிழை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

ரீஸ்டோர் செய்ததும் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. செய்ததைத் திரும்பப் பெற முடியுமா?

விண்டோஸுக்கு உள்ளிருந்து வழக்கமான முறையில் செய்திருந்தால் முடியும். ரீஸ்டோர் தொடங்கும் முன் விண்டோஸ் தற்போதைய நிலைக்கும் ஒரு புள்ளியை உருவாக்கிக்கொள்கிறது. மறுபடி ரீஸ்டோரைத் திறந்தால் 'அன்டூ சிஸ்டம் ரீஸ்டோர்' என்ற தேர்வு முதலிலேயே நிற்கும். சேஃப் மோடிலோ மீட்புச் சூழலிலோ செய்திருந்தால் இந்த வசதி கிடையாது. அப்போது வேறொரு புள்ளியைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே வழி. விண்டோஸ் திறக்கும் நிலையில் இருந்தால் முதலில் உள்ளிருந்தே முயலுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரீஸ்டோர் செய்தேன், சரியாகிவிட்டது. இரண்டு நாளில் அதே கோளாறு திரும்பி வந்துவிட்டது. ஏன்?

கோளாறை ஏற்படுத்திய அப்டேட்டையோ டிரைவரையோ விண்டோஸ் மறுபடி தானாகவே பதிவிறக்கி நிறுவிவிட்டது. ரீஸ்டோர் உங்களைப் பழைய நாளுக்குக் கொண்டுபோகிறது, ஆனால் விண்டோஸ் அப்டேட் இன்றைய நாளில்தான் இருக்கிறது. இந்தக் கணினியில் ஒன்று குறைகிறதே என்று பார்த்து, அதையே மீண்டும் கொண்டுவந்து வைக்கும்.

ஆகவே ரீஸ்டோர் முடிந்து விண்டோஸ் திறந்த உடனே, வேறு எதையும் செய்யும் முன், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குச் சென்று அப்டேட்டுகளைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள். அதிகபட்சம் ஐந்து வாரம் வரை நிறுத்தலாம். அதற்குள் பெரும்பாலும் திருத்தப்பட்ட அப்டேட் வெளியாகிவிடும். குற்றவாளி ஒரு டிரைவர் என்று தெரிந்தால், அந்தச் சாதனத்தைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து சரியான டிரைவரை எடுத்து நிறுவிக்கொள்வது நிலையான தீர்வு. அப்டேட்டுகளை நிரந்தரமாக நிறுத்திவிடும் தந்திரங்களை நாடாதீர்கள்; பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாத கணினி இணையத்தில் நெடுநாள் தாங்காது.

போன வாரம்தான் கடவுச்சொல்லை மாற்றினேன். ரீஸ்டோருக்குப் பிறகு எது வேலை செய்யும்?

கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால் கவனம் தேவை என்று ரீஸ்டோர் நிரலே எச்சரிப்பதுண்டு. கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்காக இருந்தால் பழைய கடவுச்சொல்லே மறுபடி செல்லுபடியாகும் வாய்ப்பு உண்டு. எனவே இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பழையது மறந்துவிட்டது என்றால், கடவுச்சொல்லை மாற்றிய நாளுக்குப் பிந்தைய புள்ளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வைரஸ் வந்துவிட்டது. முந்தைய தேதிக்குப் போனால் வைரஸும் போய்விடும்தானே?

அதை நம்பியிருக்கக் கூடாது. வைரஸ் பல நாட்களாக ஓசையின்றி இருந்து இன்றுதான் வெளிப்பட்டிருக்கலாம். அப்படியானால் நீங்கள் திரும்பும் புள்ளியிலும் அது இருக்கும். உங்கள் ஆவணங்களுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் தீங்கு நிரலை ரீஸ்டோர் தொடவே தொடாது என்பது இரண்டாவது கேள்வியின் விடையிலிருந்தே விளங்கும். முதலில் வைரஸ் தடுப்பு நிரலால் முழுச் சோதனை செய்து சுத்தப்படுத்துங்கள். சுத்தமான பின், பழைய புள்ளிகளை எல்லாம் நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள்.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகை இன்னும் கொடியது. அவற்றுள் பல, கோப்புகளைப் பூட்டுவதோடு ஷேடோ காப்பிகளையும் அழித்துவிடுகின்றன. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை அப்படித்தான் செய்தது. அந்த நிலையில் உங்களைக் காப்பது கணினியோடு இணைக்கப்படாமல் தனியே வைத்திருக்கும் காப்புநகல் மட்டுமே.

பட்டியலில் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. கோளாறு எதற்குப் பின் தொடங்கியது என்பதைப் பொறுத்து வழிகள் இருக்கின்றன. ஒரு டிரைவருக்குப் பின் என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டிரைவர் தாவலில் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானை அழுத்துங்கள். பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிக்கப்படவில்லை என்று பொருள். ஓர் அப்டேட்டுக்குப் பின் என்றால், அப்டேட் வரலாற்றுப் பக்கத்திலிருந்து அதை நீக்கலாம். விண்டோஸ் திறக்கவில்லையென்றால் மீட்புச் சூழலிலும் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. புதிய பெரிய பதிப்புக்கு மாறிய பின் என்றால், இயல்பாக 10 நாட்களுக்குள் 'கோ பேக்' வழியாகப் பழைய பதிப்புக்கே திரும்பலாம். அந்தப் பத்து நாளுக்குள் இடத்தைச் சேமிக்கிறேன் என்று 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். திரும்பும் வழி அதற்குள்தான் இருக்கிறது.

எதற்குப் பின் என்றே தெரியாமல் விண்டோஸ் தள்ளாடுகிறது என்றால், அமைப்புக் கோப்புகளைச் சரிபார்த்துப் பழுதானவற்றை மாற்றும் எஸ்எஃப்சி, டிஐஎஸ்எம் ஆகிய இரு கருவிகளை நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையில் இயக்கிப் பார்க்கலாம். இவை எதுவும் பலன் தராதபோதுதான் அடுத்த கேள்விக்குச் செல்ல வேண்டும்.

ரீசெட் என்றும் ஒன்று இருக்கிறதே, அதுவும் ரீஸ்டோரும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. பெயர்கள் நெருங்கியிருப்பதால் நேரும் துயரம் சிறியதன்று. ரீஸ்டோர் ஒரு தேதிக்குத் திரும்புகிறது. ரீசெட் விண்டோஸைப் புதிதாக நிறுவுகிறது. நீங்கள் நிறுவிய நிரல்கள் அனைத்தும் போய்விடும். உள்ளே சென்றதும் அது இரண்டு தேர்வுகளைக் காட்டும்: 'கீப் மை ஃபைல்ஸ்' என்பது உங்கள் ஆவணங்களை விட்டுவைக்கும், 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பது எல்லாவற்றையும் துடைத்துவிடும். முதுகலை ஆய்வேட்டின் ஒரே பிரதியை டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ஒருவர், 'எல்லாக் கோளாறையும் நீக்கு' என்று பொருள் கொண்டு இரண்டாவதை அழுத்திவிட்டு என்னிடம் வந்தார். ஏழு மாத உழைப்பில், மின்னஞ்சலில் வழிகாட்டிக்கு அனுப்பியிருந்த இரண்டு இயல்கள் மட்டும் மிஞ்சின. அந்தத் திரையில் ஒவ்வொரு சொல்லையும் இருமுறை படியுங்கள். ஐயம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு யாரையாவது கேளுங்கள்.

'கீப் மை ஃபைல்ஸ்' கொடுப்பதாக இருந்தாலும், இயலுமானால் முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்துவிட்டே தொடங்குங்கள். நிறுவலுக்கான கோப்புகளை எங்கிருந்து எடுப்பது என்றும் அது கேட்கும். 'கிளவுட் டவுன்லோடு' ஏறத்தாழ 4 ஜிபி பதிவிறக்கும். உள்ளிருக்கும் விண்டோஸ் கோப்புகளே பழுதாகியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் இதுவே மேல்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரீஸ்டோர் செய்ய வேண்டியிருக்கிறது. இது இயல்பா?

இயல்பன்று. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பு பழுதாகிறது, கணினி செயலிழக்கும்போது வரும் பிழைத் திரை வெவ்வேறு காரணங்களைச் சொல்கிறது, கோப்புகளை நகலெடுக்கும்போது நடுவில் உறைகிறது என்றால் கோளாறு வன்பொருளில் இருக்கக்கூடும். சாகும் தறுவாயில் இருக்கும் வட்டும், பழுதான நினைவகமும் இத்தகைய அடையாளங்களையே காட்டும். விண்டோஸிலேயே நினைவகச் சோதனைக் கருவி இருக்கிறது; வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் பதிவுகளைப் படிக்கும் நிரல்களும் உண்டு. வட்டின் மேல் ஐயம் எழுந்த நொடியில் ரீஸ்டோரை நிறுத்திவிட்டுக் கோப்புகளை வெளியே எடுங்கள். நலிந்த வட்டில் ரீஸ்டோர் செய்வது அதற்கு மேலும் வேலை கொடுப்பதாகும். முதல் விடையில் சொன்னபடி, புள்ளிகளும் அந்த வட்டிலேயேதான் இருக்கின்றன.

என்னிடம் மேக் இருக்கிறது, தம்பியிடம் லினக்ஸ். எங்களுக்கு இது பொருந்துமா?

கருத்து பொருந்தும், கருவிகள் வேறு. மேக்கில் 2007 முதல் டைம் மெஷின் இருக்கிறது. வெளி வட்டு ஒன்றை இணைத்தால், கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முன் வாரத்துக்கு ஒன்று என்று நகல்களை வைத்துக்கொள்ளும். இது உங்கள் சொந்தக் கோப்புகளையும் சேர்த்தே காப்பதால் விண்டோஸின் சிஸ்டம் ரீஸ்டோரைவிட விரிவானது.

லினக்ஸில் டைம்ஷிஃப்ட் என்னும் நிரல் ஏறத்தாழ சிஸ்டம் ரீஸ்டோரைப் போலவே இயங்குகிறது. இயல்பான அமைப்பில் பயனரின் கோப்புகளை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் பதிகிறது. லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்டில் அது உடனேயே கிடைக்கும். இன்னொரு வகையான ஓப்பன்சூசே இன்னும் ஒரு படி மேலே சென்று, பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையின் துணையால், கணினி தொடங்கும் பட்டியலிலேயே பழைய நிலையைத் தேர்ந்தெடுத்து உள்ளே செல்ல விடுகிறது.

கணினி முழுவதையும், கோப்புகள் உட்பட, அப்படியே ஒரு நாளுக்குத் திருப்ப வழியே இல்லையா?

இருக்கிறது. அதற்கு வட்டு முழுவதையும் ஒரு படிமமாக, அதாவது முழு நகலாக, எடுத்து வெளி வட்டில் வைத்திருக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' என்ற பெயரின் கீழ் இதற்கான பழைய கருவி இன்னும் இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் 2017-லேயே அதன் மேம்பாட்டை நிறுத்திக்கொண்டு, வேறு நிறுவனங்களின் படிம நிரல்களைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. எதைப் பயன்படுத்தினாலும், அந்த நிரல் தரும் மீட்பு பென் டிரைவையும் அன்றே உருவாக்கி, கணினி அதிலிருந்து தொடங்குகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். படிமத்தைத் திருப்பும்போது அதை எடுத்த நாளுக்குப் பின் எழுதிய கோப்புகள் எல்லாம் போய்விடும். ஆகவே திருப்பும் முன் அண்மைக் கோப்புகளைத் தனியே எடுத்துவிட வேண்டும்.

என் சொந்தக் கணினியில் மூன்று மாதத்துக்கு ஒரு படிமம், ஒவ்வொரு பெரிய நிறுவலுக்கு முன்பும் ஒரு மீட்புப் புள்ளி, எழுதும் கோப்புகளுக்கு நாள்தோறும் தனிக் காப்புநகல் என்று வைத்திருக்கிறேன். படிமம் உள்ள வட்டை, நகலெடுத்து முடித்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.